பனி கேட்கும் பழம்: வெயில் ஊர்களில் ராஸ்பெர்ரி வளர்த்த கதை

ராஸ்பெர்ரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு 2012-ல் வந்த உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஞாபகம் வருகிறது. மீதிப் பேருக்கு ஐஸ்கிரீம் கடையில் இருக்கும் ரோஸ் நிறம். மும்பைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அங்கே இரானி ஓட்டல்களில் கிடைக்கும் சிவப்பு சோடா. ஆக மொத்தம், நம்மில் பலருக்கு ராஸ்பெர்ரி என்பது ஒரு ருசி, ஒரு நிறம், ஒரு பெயர். பழத்தை மட்டும் பார்த்ததில்லை :-)

காரணம் எளிது. அது குளிர்நாட்டுப் பழம். பறித்த இரண்டு மூன்று நாளில் கூழாகிவிடும். தூரமாகக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் வெயில் ஊர்களில் இருப்பவர்கள் "நம்ம வீட்டுத் தோட்டத்திலேயே வளர்த்தால் என்ன?" என்று நூறு வருடத்துக்கு மேலாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். அந்த முயற்சியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. தோட்டக்கலைதானே என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தால், கடைசியில் அது கலபகோஸ் தீவுக் காடுகள் வரை போகிறது. நடுவில் நம் நீலகிரியும் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எது ராஸ்பெர்ரி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி இரண்டும் ரூபஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ரோஜாவின் குடும்பம். அதனால்தான் முள். இரண்டிலும் பழம் என்று நாம் சொல்வது உண்மையில் பல குட்டிப் பழங்கள் ஒட்டிக்கொண்ட ஒரு கொத்து. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை.

வித்தியாசம் நிறத்தில் இல்லை. பறித்துப் பார்த்தால்தான் தெரியும். ராஸ்பெர்ரியைப் பறித்தால் நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் தொப்பி மாதிரி உள்ளே காலியாக வரும். பிளாக்பெர்ரியில் அந்தத் தண்டும் பழத்தோடு சேர்ந்தே வரும். ஆகவே கறுப்பு ராஸ்பெர்ரியும் உண்டு, மஞ்சள் ராஸ்பெர்ரியும் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐடா மலையில் இருந்து

ஐரோப்பாவின் சிவப்பு ராஸ்பெர்ரிக்கு அறிவியல் பெயர் ரூபஸ் ஐடயஸ். "ஐடா மலையின் ரூபஸ்" என்று அர்த்தம். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோமானிய எழுத்தாளர் பிளினி, கிரேக்கர்கள் இந்தச் செடியை ஐடா மலையின் பெயரால் அழைத்ததாக எழுதிவைத்தார். 1753-ல் லின்னேயஸ் அந்தப் பெயரையே அறிவியல் பெயராக நிலைநிறுத்தினார்.

நெடுங்காலம் இது காட்டில் போய்ப் பறிக்கும் பழமாகவே இருந்தது. இங்கிலாந்தில் சில தோட்டங்களில் இது வளர்வதாக வில்லியம் டர்னர் 1548-ல் பதிவு செய்கிறார். அதாவது, அப்போதுகூட "சில" தோட்டங்களில்தான். அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா போனது. அங்கே ஏற்கெனவே உள்ளூர்ச் சிவப்பு ராஸ்பெர்ரியும் கறுப்பு ராஸ்பெர்ரியும் காடுகளில் இருந்தன. ஐரோப்பியச் செடியும் அமெரிக்கச் செடியும் கலந்து புதிய ரகங்கள் பிறந்தன. 1865 வாக்கில் நியூயார்க் அருகே ரிவர்டேலில் தாமஸ் கத்பர்ட் என்பவர் தோட்டத்தில் தானாக முளைத்த ஒரு செடி "கத்பர்ட்" என்ற பெயரில் பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் முக்கிய ரகமாக இருந்தது.

இதெல்லாம் குளிர்ப் பகுதிகளின் கதை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்கு வந்ததும் கதை நின்றுவிட்டது. மிசிசிப்பியிலும் புளோரிடாவிலும் நட்ட செடிகள் தேய்ந்து தேய்ந்து செத்தன.

ஏன் சாகிறது? குளிர்க் கணக்கு

ராஸ்பெர்ரியின் வேர் பல வருடம் வாழும். ஆனால் மண்ணுக்கு மேலே வரும் ஒவ்வொரு தண்டின் ஆயுளும் இரண்டு வருடம்தான். முதல் வருடம் தண்டு வளரும், இலை விடும், பூக்காது. இலையுதிர் காலத்தில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது கணுக்களில் மொட்டுகளை உருவாக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். இரண்டாவது வருடம் வசந்தத்தில் அந்த மொட்டுகள் விரிந்து பூத்துக் காய்க்கும். காய்த்த தண்டு காய்ந்துவிடும். அதற்குள் பக்கத்தில் அடுத்த தண்டு வந்திருக்கும்.

இங்கேதான் சிக்கல். தூங்கப் போன மொட்டு எப்போது எழுந்திருக்கும்? வெயில் வந்தவுடன் எழுந்துவிட்டால் ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததை நம்பி எழுந்து, மறுநாள் பனியில் கருகிவிடும். அதனால் செடி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சுமார் 0-வில் இருந்து 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இத்தனை மணி நேரம் கழிந்தால்தான் எழுந்திருப்பது என்று. பழைய சிவப்பு ரகங்களுக்கு அது ஏறக்குறைய 800 மணி முதல் 1500 மணிக்கும் மேல் போகும். கூட்டிப் பார்த்தால் ஒன்று முதல் இரண்டு மாதத்துக்கு இடைவிடாத குளிர்.

சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர் மணிக்கணக்கு பூஜ்யம். செடி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஊட்டியில் உறைபனி விழும். ஆனால் பகலில் 20 டிகிரி வரை ஏறிவிடும், இரவில் சேர்த்த கணக்கில் பகல் கொஞ்சம் கழித்துவிடும். இதற்கு மேல் கோடை வேறு. 30 டிகிரியைத் தாண்டினால் இந்தச் செடி தளர்ந்துபோகும். மழையில் தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வரும்.

ஆக வெயில் ஊரில் ராஸ்பெர்ரி வேண்டும் என்றால் மூன்றே வழி. செடியை மாற்ற வேண்டும். அல்லது பருவத்தை மாற்ற வேண்டும். அல்லது குளிரே கேட்காத வேறு இனத்தைத் தேட வேண்டும். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழி: செடியை மாற்று

வால்டர் வான் ஃப்ளீட் என்று ஒருவர். படித்தது மருத்துவம், பிடித்தது செடி. டாக்டர் தொழிலை விட்டுவிட்டு அமெரிக்க வேளாண் துறையில் சேர்ந்தார். ரோஜாக் கலப்பினங்களுக்காக இன்றும் பேசப்படுபவர். அவர் சீனாவில் இருந்து வந்த ஒரு ஆசிய ரூபஸ் இனத்தை நாம் மேலே பார்த்த கத்பர்ட்டோடு கலந்தார். ஆசியப் பெற்றோருக்கு வெப்பம் தாங்கும் சக்தி உண்டு, கத்பர்ட்டுக்கு ருசி உண்டு, இரண்டும் ஒரே செடியில் வந்தால்? 1922-ல் வான் ஃப்ளீட் இறந்துவிட்டார். அந்தச் செடியை அவர் பெயரிலேயே 1924-ல் தென் மாநிலங்களுக்காக வெளியிட்டார்கள்.

அந்த வழியில் மற்றவர்களும் போனார்கள். வட கரோலினாவில் 1955-ல் "மாண்டரின்", 1968-ல் "சவுத்லேண்ட்". மிசிசிப்பியில் 1972-ல் "டோர்மன்ரெட்". இந்த டோர்மன்ரெட்டில் ஓடுவது ரூபஸ் பார்விஃபோலியஸ் என்ற கிழக்காசிய இனத்தின் ரத்தம். வெயிலைக் கண்டு பயப்படாது. இன்றும் அமெரிக்கத் தெற்கில் வீட்டுத் தோட்டக்காரர்கள் நடும் செடி.

ஒரே ஒரு குறை. ருசி கொஞ்சம் சப்பென்று இருக்கும் :-( ஜாம் போடலாம், பலகாரத்தில் சேர்க்கலாம், சர்க்கரை உதவியோடு சமாளிக்கலாம். பச்சையாகச் சாப்பிட்டால், குளிர்நாட்டுப் பழத்தை ஒருமுறை ருசித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஐம்பது வருட உழைப்பில் செடி உயிர் பிழைத்தது. எதற்காகச் செடியை வளர்க்க ஆரம்பித்தார்களோ அதில் பாதி கழன்றுபோனது. இனக்கலப்பில் இது அடிக்கடி நடப்பதுதான். வேண்டிய குணம் மட்டும் தனியாக வராது, கூடவே உறவினர் பட்டாளத்தையும் அழைத்துக்கொண்டு வரும்.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1969-ல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையம் "ஹெரிட்டேஜ்" என்ற ரகத்தை வெளியிட்டது. இதன் தனித்தன்மை, முதல் வருடத் தண்டிலேயே, அதன் நுனியில் இலையுதிர் காலத்தில் காய்க்கும். அப்படியானால் தூங்கி எழும் வேலையே பெரிதாக இல்லை! வருடா வருடம் தரையோடு வெட்டிவிட்டால் போதும், புதுத்தண்டு வந்து அதே வருடம் காய்க்கும். வெயில் ஊருக்காக உருவாக்கிய ரகம் இல்லை இது. ஆனால் மிதமான வெயில் ஊர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது இந்தக் குணம்தான்.

இரண்டாம் வழி: பருவத்தை ஏமாற்று

அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்தவர்கள் பெரிய கம்பெனிகள். இன்று உலகச் சந்தைக்கு ராஸ்பெர்ரி அனுப்பும் இடங்களைப் பாருங்கள். மெக்சிகோவின் ஹலிஸ்கோ, மிச்சோவகான். ஸ்பெயினின் வெல்வா. மொராக்கோவின் லராஷ், அகாதிர். ஒன்றுகூடப் பனி நாடு இல்லை.

எப்படி முடிகிறது? முதல் வருடத் தண்டில் காய்க்கும் ரகங்களை பிளாஸ்டிக் சுரங்கக் குடில்களில் நட்டு, வெட்டும் நேரத்தை மாற்றி மாற்றி, சந்தையில் பழம் இல்லாத மாதங்களில் காய்க்க வைக்கிறார்கள். இன்னொரு உத்தி இன்னும் வேடிக்கையானது. குளிர் நாட்டு நர்சரியில் ஆள் உயரத் தண்டுகளாக வளர்த்து, அப்படியே குளிர்பதனக் கிடங்கில் வைத்துவிடுவது. செடியின் குளிர்க் கணக்கு அங்கேயே நிரம்பிவிடும். பிறகு அதை வெயில் ஊருக்கு லாரியில் அனுப்பி நட்டால், வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிச் சில வாரங்களில் பூத்துவிடும். பாவம், செடிக்கு நாட்காட்டி தெரியாது.

இது வேலை செய்கிறது. ஆனால் வீட்டுத் தோட்டக்காரருக்கு உதவாது. யார் வீட்டில் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது? தவிர, பயிர் செய்யும் ஊருக்கும் இது இலவசமாக வருவதில்லை. ஸ்பெயினில் வெல்வாவை ஒட்டித்தான் டொன்யானா சதுப்பு நிலம் இருக்கிறது. ஐரோப்பாவின் வலசைப் பறவைகளுக்கு மிக முக்கியமான இடம். பெர்ரிப் பண்ணைகள் உறிஞ்சும் நிலத்தடி நீர் அதன் நீரையும் சேர்த்து வற்றவைக்கிறது. டொன்யானாவின் நிலத்தடி நீரைக் காக்க ஸ்பெயின் தவறிவிட்டது என்று 2021-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

மூன்றாம் வழி: நம்ம மலையில் இருக்கிறதே!

ராஸ்பெர்ரிக்கு உறவான செடிகள் ஆசியாவில்தான் அதிகம். அதில் சில வெப்ப மண்டல மலைகளுக்கே உரியவை. குளிர்க் கணக்கு கேட்காதவை. அதில் இரண்டு இமயமலையிலும் இருக்கின்றன, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கின்றன.

முதலாவது ரூபஸ் எலிப்டிகஸ். மஞ்சள் பழம். குமாவோன் பக்கம் ஹிசாலு என்பார்கள், நேபாளத்தில் ஐசேலு. கோடை தொடங்கியதும் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் கை நிறையப் பறித்துத் தின்னும் பழம். இதற்கு 1815-ல் இந்த அறிவியல் பெயரை வைத்தவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராகப் போன வில்லியம் ராக்ஸ்பர்க் இந்தச் செடிக்கு உள்ளூர்ப் பெயரையே லத்தீனாக்கி "ரூபஸ் கௌரிபுல்" என்று எழுதிவைத்திருந்தார். அவர் நூல் அச்சானது அவர் இறந்து பல வருடம் கழித்து, 1832-ல். அதற்குள் ஸ்மித் முந்திக்கொண்டதால், முதலில் அச்சான பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி கௌரி காணாமல் போனாள்!

இரண்டாவது ரூபஸ் நிவியஸ். 1813-ல் துன்பெர்க் என்ற ஸ்வீடன் அறிஞர் வைத்த பெயர். நிவியஸ் என்றால் பனி போல் வெளுத்தது. பனியில் வளர்வதால் அல்ல. தண்டின் மேல் வெள்ளையாக மாவு பூசினாற்போல் இருக்கும். பழம் முதலில் சிவப்பாகி, பிறகு கருநீலமாகப் பழுக்கும். பறித்தால் உள்ளே காலி. ஆகவே சந்தேகமே இல்லை, ராஸ்பெர்ரிதான். ஆங்கிலத்தில் இதன் பெயரே மைசூர் ராஸ்பெர்ரி.

ஒரு செடி இமயமலையிலும் இருந்து, நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இல்லாமல், மறுபடி நீலகிரியில் எப்படி வந்தது என்று கேட்கலாம். ஊட்டியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்துக்கும் இதே கேள்வி உண்டு. பனியுகங்களில் தக்காணம் இன்றைவிடக் குளிர்ந்திருந்தபோது இந்தச் செடிகள் பரவி, பின் வெப்பம் ஏறியதும் மலை உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன என்பது ஒரு கருத்து. பறவைகள் வயிற்றில் வந்தன என்பது இன்னொரு கருத்து. ரூபஸைப் பொறுத்தவரை பறவைகளைச் சந்தேகிக்க நிறையக் காரணம் இருக்கிறது. அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

இந்த மைசூர் ராஸ்பெர்ரி கடல் மட்டத்தை ஒட்டிய தென் புளோரிடாவிலேயே காய்க்கிறது என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டுகொண்டார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம். குளிர் வேண்டாம், கிடங்கு வேண்டாம், ருசியும் மோசமில்லை, நட்ட வேகத்தில் வளர்கிறது. கொக்கி முள்தான் கொஞ்சம் தொல்லை. நூறு வருடக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது!

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் "சுபம்" போட்டிருப்பேன்.

கலபகோஸ்: ஒரு டம்ளர் ஜூஸின் விலை

எக்வடோர் நாட்டில் மோரா என்ற பழத்தின் ஜூஸ் வீட்டுக்கு வீடு குடிக்கும் பானம். ஆண்டிஸ் மலையில் விளையும் ஒரு ரூபஸ் அது. அந்த நாட்டுக்குச் சொந்தமான கலபகோஸ் தீவுகளில் குடியேறிய விவசாயிகள் பழத்துக்காகப் பயிரிட, 1960-களின் கடைசி, 1970-களின் தொடக்கம் வாக்கில், ஒரு ரூபஸ் செடி தீவுக்கு வந்தது. வந்தது ஆண்டிஸ் மோரா இல்லை. நம் ரூபஸ் நிவியஸ். தீவில் அதையும் மோரா என்றே அழைத்தார்கள்.

கலபகோஸின் மேட்டு நிலம் எப்போதும் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். நீலகிரிச் சோலைக்காட்டின் ஓரம் மாதிரி. செடிக்குத் தாய்வீடு வந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தாய்வீட்டில் அதைத் தின்ன பூச்சிகளும், அதன் மேல் வளர்ந்த பூஞ்சைகளும் கூட வரவில்லை. பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடப் பறவைகள் மட்டும் இருந்தன. அதில் டார்வின் பெயரால் அழைக்கப்படும் அந்தப் புகழ்பெற்ற குருவிகளும் அடக்கம்.

சாந்தா குரூஸ் தீவின் மேட்டில் ஸ்கலேசியா என்ற மரக்காடு இருக்கிறது. ஸ்கலேசியா நம் சூரியகாந்தியின் குடும்பம். சூரியகாந்தி மரமாகி, 15 மீட்டர் உயர்ந்து, காடாக நின்றால் எப்படி இருக்கும்? அதுதான். உலகில் வேறெங்கும் கிடையாது. இந்த மரத்துக்கு ஒரு வினோத வழக்கம். ஒரு தலைமுறை மரங்கள் ஏறக்குறைய ஒன்றாக முளைத்து, ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகச் சாயும். 1982-83 எல் நினோவின் கடும் மழையில் அப்படித்தான் கூட்டமாகச் சாய்ந்தன. மரங்கள் சாய்ந்ததும் தரையில் வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தில் அடுத்த தலைமுறை முளைக்கும். பல்லாயிரம் வருடமாக நடந்துவந்த கணக்கு.

இப்போது அந்த வெளிச்சம் விழுந்ததும் முதலில் எழுந்திருப்பது ராஸ்பெர்ரி. ஆளுயரத்துக்கும் மேலே முட்புதர். அதன் நிழலில் ஸ்கலேசியாக் கன்று பிழைக்காது. பெரிய மரங்கள் வயதாகிச் சாயும்போது அவற்றின் இடத்துக்கு வரக் கன்றுகள் இல்லை. ஒரு காட்டை வெட்டி அழிப்பது என்றால் நமக்குக் கண்ணில் படும். இது அப்படி இல்லை. காடு பார்க்கப் பச்சையாகவே இருக்கும், குழந்தை பிறக்காத ஊர் மாதிரி.

பிடுங்கி எறிய வேண்டியதுதானே என்றால், அதையும் செய்கிறார்கள். வெட்டுக்கத்தியால் வெட்டி, துளிர்க்கும்போது களைக்கொல்லி அடித்து, மறுபடி மறுபடி. ஆனால் மண்ணுக்குள் ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கான விதைகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு புதரை எடுத்தால் வெளிச்சம் விழுந்து நூறு முளைக்கும். இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. புதரை அகற்றியதும் அதில் குடியிருந்த பூச்சிகள் குறைந்து, அதை நம்பிக் குஞ்சு வளர்த்த சிறு குருவிகள் சிரமப்படுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். எடுத்தாலும் கஷ்டம், விட்டாலும் கஷ்டம்.

பாதிக்கப்பட்டது காடு மட்டுமல்ல. முள் அடைத்துப் போன நிலத்தைச் சீர்செய்யும் கூலி விளைச்சலைவிட அதிகம் என்றால், விவசாயி நிலத்தைக் கைவிட வேண்டியதுதான். கைவிட்ட நிலம் அடுத்த விதைப்பண்ணை. இன்று ஆய்வாளர்கள் இதன் தாயகமான ஆசியாவில் இந்தச் செடியை மட்டுமே தாக்கும் பூச்சியோ பூஞ்சையோ கிடைக்குமா என்று தேடுகிறார்கள். அதாவது, நம் பக்கத்து மலைகளில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு புதரின் நோய், பூமியின் மறுபக்கத்தில் ஒரு காட்டுக்கு மருந்தாகலாம்.

ஹவாய்: முள்ளை மறந்த ராஸ்பெர்ரி

ஹவாய்த் தீவுகளில் சொந்த ராஸ்பெர்ரியே ஒன்று உண்டு. பெயர் அகாலா. பல லட்சம் வருடங்களுக்கு முன் எப்படியோ கடல் தாண்டி வந்த ஒரு ரூபஸின் வாரிசு. தீவில் மேயும் ஆடும் இல்லை, மாடும் இல்லை, மானும் இல்லை. யாருக்காக முள் வைத்திருப்பது? காலப்போக்கில் அகாலாவின் முள் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. எஞ்சியவை பெயருக்குத்தான்.

அந்தத் தீவில், வால்கனோ என்ற ஊர்ப் பக்கம், 1961 வாக்கில் நம் மஞ்சள் ஐசேலு வந்து சேர்ந்தது. தண்டு முழுக்க முள்ளும் முரட்டுச் சிவப்பு முடியுமாக வந்தது. அது ஈரக் காடுகளுக்குள் புகுந்து அடர்ந்தது. இப்போது உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் குழு தயாரித்த பட்டியலில் ரூபஸ் எலிப்டிகஸுக்கும் ஓர் இடம் உண்டு. குமாவோன் பிள்ளைகள் ஆசையாய்ப் பறிக்கும் அதே ஹிசாலுதான்.

தவறான லேபிள்

இந்த இடத்தில் லூதர் பர்பேங்க் என்ற பெயரைச் சொல்லாமல் போக முடியாது. கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் நூற்றுக்கணக்கான புதிய ரகங்களை உருவாக்கிய, அந்தக் காலத்து நட்சத்திரத் தோட்டக்காரர். இந்தியாவில் இருந்து கிடைத்த விதையில் முளைத்த ஒரு பிளாக்பெர்ரியை 1885-ல் "ஹிமாலயா ஜெயன்ட்" என்று விளம்பரம் செய்தார். பெரிய பழம், அபார விளைச்சல். வீட்டுக்கு வீடு நட்டார்கள்.

அது இமயமலைச் செடியே இல்லை. பிற்காலத்து ஆய்வில் அது ஆர்மீனியா, ஈரான் பக்கத்துச் செடி என்று தெரிந்தது. இப்போதைய அறிவியல் பெயர் ரூபஸ் அர்மேனியாகஸ். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று சியாட்டில், போர்ட்லேண்ட், வான்கூவர் பக்கம் ரயில் பாதை, ஆற்றங்கரை, காலி மனை என்று எங்கே பார்த்தாலும் இந்தப் புதர்தான். வெட்டி மாளாமல் அங்குள்ளவர்கள் இன்றும் இமயமலையைத்தான் திட்டுகிறார்கள்!

மூன்று கதையிலும் ஒரு பொதுவான அம்சத்தைக் கவனியுங்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஜூஸ் குடிக்க ஆசை, பிள்ளைகளுக்குப் பழம், தோட்டத்துக்கு அழகு. செடியின் எந்தக் குணத்தைப் பார்த்து "ஆஹா, வீட்டுக்கு ஏற்ற செடி" என்று கொண்டாடினார்களோ (வேகமாக வளரும், குளிர் கேட்காது, நிறையக் காய்க்கும், பராமரிப்பே வேண்டாம்), அதே குணங்கள்தான் காட்டை முடித்தன. பராமரிப்பு தேவையில்லாத செடி என்றால், நாம் இல்லாமலும் வாழும் செடி என்று அர்த்தம். முந்தைய தலைமுறை சப்பென்ற டோர்மன்ரெட்டைப் பார்த்து அலுத்துக்கொண்டது. ஆனால் பாருங்கள், இரண்டில் அடங்கி இருந்தது அதுதான்.

அப்போ நம்ம வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். அதுவும் நம்மைப் போல் நியாயமாக வளர்க்கக்கூடியவர்கள் உலகில் குறைவு. ஏனென்றால் மைசூர் ராஸ்பெர்ரிக்கு நீலகிரியும் கொடைக்கானலும் அந்நியம் இல்லை. அதைத் தின்னும் பூச்சி, அதோடு போட்டி போடும் செடி, எல்லாம் இங்கேயே இருக்கின்றன. நம் மலையில் அது காட்டோரப் புதர்களில் ஒன்று, அவ்வளவுதான். முயல்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. நர்சரியில் வெறும் "ராஸ்பெர்ரி" என்று எழுதியிருந்தால் எந்த இனம், எந்த ரகம் என்று கேளுங்கள். ஐரோப்பியச் சிவப்பு ராஸ்பெர்ரி என்றால் சமவெளியில் பணம் வீண். மைசூர் ராஸ்பெர்ரியின் அடையாளம்: தண்டில் வெள்ளை மாவுப் பூச்சு, கொக்கி முள், ஒரு காம்பில் 5 முதல் 9 வரை சிற்றிலைகள், பழுத்தால் கருநீலம்.

2. ஏற்காடு, கொடைக்கானல், குன்னூர் போன்ற மலை ஊர்கள் மிகச் சிறப்பு. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் முயலலாம். சென்னை, மதுரைக் கோடையில் அரை நிழல், மூடாக்கு, தினசரித் தண்ணீர் எல்லாம் கொடுத்தாலும் உத்தரவாதம் சொல்ல முடியாது.

3. புதுச்செடி வேண்டுமென்றால் விதையைவிடப் பதியம் சுலபம். நீண்ட தண்டின் நுனியை வளைத்து மண்ணில் புதைத்து ஒரு கல்லை வையுங்கள். வேர்விட்டதும் வெட்டிப் பிரித்துவிடலாம்.

4. தண்ணீர் தேங்காத, மக்கு நிறைந்த மண். சாய்த்துக் கட்டக் கம்பி அல்லது கழி. காய்த்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடத்தில் தோட்டத்துக்குள் நீங்களே போக முடியாது.

5. இதுதான் முக்கியம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டார் என்று விதையை உறையில் போட்டு அனுப்பாதீர்கள். அங்கிருந்தும் எதையும் பையில் ஒளித்துக்கொண்டு வராதீர்கள். விமான நிலையத்தில் விதை, செடி இருக்கிறதா என்று கேட்கும் அந்தப் படிவம் சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. கலபகோஸ் அதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. இன்று அங்கே இறங்குபவர்களின் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

வரலாறு என்றால் ராஜா, போர், ஒப்பந்தம் என்று படித்துப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு தீவின் காட்டை மாற்றிய முடிவு ஒரு விவசாயியின் கொல்லைப்புறத்தில், ஒரு குழி தோண்டி, ஒரு செடியை நட்டு, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதில் எடுக்கப்பட்டது. அதற்கு யாரும் தேதி குறித்து வைக்கவில்லை. நம் ஊர்க் காடுகளில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும், குளங்களை மூடிய ஆகாயத்தாமரையும்கூட யாரோ ஒருவர் தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவைதான். அவற்றின் கதையை இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன்.

அதுவரை, உங்கள் தாத்தா பாட்டி யாராவது நீலகிரியிலோ பழனி மலையிலோ இருந்திருந்தால், காட்டில் பறித்துத் தின்ற அந்தக் கறுப்புப் பழத்துக்கு அவர்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டுச் சொல்லுங்கள். மைசூர் என்றும் ஹிமாலயா என்றும் யார் யாரோ வைத்த பெயர்களைப் பார்த்தாகிவிட்டது. நம்மவர்கள் வைத்த பெயரையும் எங்காவது எழுதி வைத்துவிடுவோம்.